நகம் கடிப்பதும் பதற்றமும்: இளையவர்கள் கேட்கும் கேள்விகள்

நகம் கடிப்பது நோயா, வெறும் பழக்கமா?

அளவைப் பொறுத்தது. படிக்கும்போது எப்போதாவது ஒரு விரல் வாய்க்குப் போவது பலருக்கும் உண்டு. பதின்ம வயதில் அதிகமாக இருந்து, வயது ஏறஏறப் பலரிடம் தானாகவே குறைந்தும் போகிறது. நகக்கண் கிழிந்து ரத்தம் வரும்வரை கடிப்பது, நிறுத்த நினைத்துப் பலமுறை தோற்றுப்போவது, விரலை மடக்கி மறைத்துக்கொண்டே நடமாடுவது என்று ஆகிவிட்டால் அதற்கு மருத்துவத்தில் இடம் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டு நூலில், முடி பிடுங்குவது, தோலைக் கிள்ளுவது ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இதுவும் வருகிறது. "நகம் கடிச்சா வீட்டுக்குத் தரித்திரம்" என்று சொல்லும் பாட்டிக்கு இது தெரியவேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தால், மருத்துவர் முன்னால் உட்கார்ந்து "நகம் கடிக்கிறேன்" என்று சொல்லக் கூச்சப்பட மாட்டீர்கள்.

எனக்குப் பதற்றம் எதுவும் இல்லையே, சும்மா இருக்கும்போதுதானே கடிக்கிறேன்?

அதுவும் நடப்பதுதான். நகம் கடிப்பவர்கள் எல்லாரும் பதற்றக்காரர்கள் இல்லை. சலிப்பு, காத்திருப்பு, ஒரு கணக்கு விடைக்கு வராமல் இழுப்பது, கைப்பேசியை ஒரு கையால் தள்ளிக்கொண்டிருக்கும்போது மறு கை சும்மா கிடப்பது எல்லாமே கையை வாய்க்கு அனுப்பும்.

ஒருநாள் உங்கள் கையைக் கவனித்துப் பாருங்கள். பல் நகத்தைத் தொடுவதற்கு வெகு முன்பே வேலை ஆரம்பித்திருக்கும். கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களின் நுனியையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கும். எங்கோ ஒரு சிலும்பு தட்டுப்படும். கட்டைவிரல் அங்கேயே நின்று அதை நெருடும். பிறகு அந்த விரல் உதட்டுக்கு ஏறும், உதடு சிலும்பைத் தேடும், பல் அதை 'சரிசெய்யும்'. பல் வெட்டிய இடம் ஒருநாளும் வழவழப்பாக இராது. ஆக, புதிய சிலும்பு. ஐந்து நிமிடத்தில் கட்டைவிரல் மறுபடி சுற்று வரும்.

பதற்றத்தால் கடிப்பவருக்கு இந்தச் சுற்றோடு இன்னொன்றும் சேர்கிறது: கடிக்கும் அந்த நொடியில் மனம் கொஞ்சம் தணிகிறது. அந்தத் தணிவுதான் கூலி. கூலி கிடைக்கும் வேலையைக் கை விடாது. அதனால்தான் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டியிருக்கிறது. கையின் பழக்கத்துக்கு ஒரு வழி, மனத்தின் பதற்றத்துக்கு ஒரு வழி. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகப் போய்விடும் என்று எதிர்பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

கால்சியம் குறைவால் வருகிறது என்கிறார்களே?

இல்லை. கடிக்கும் பழக்கம் கால்சியம் குறைவின் அறிகுறி அல்ல. கால்சியம் மாத்திரையால் அது நிற்பதும் இல்லை.

வேப்பெண்ணெய், மிளகாய்த்தூள், கசப்பு நகப்பூச்சு: எது வேலை செய்யும்?

மிளகாய்த்தூளை விட்டுவிடுங்கள். கிழிந்த நகக்கண்ணில் எரியும், கண்ணைக் கசக்கினால் இன்னும் மோசம்.

மருந்துக்கடையில் நிறமற்ற கசப்பு நகப்பூச்சு கிடைக்கும். அதில் இருப்பது பெரும்பாலும் டெனட்டோனியம் என்ற பொருள். மரப்பு மருந்து ஆராய்ச்சியின்போது 1958இல் ஸ்காட்லாந்தில் கண்டறிந்தது, உலகிலேயே மிகக் கசப்பானவற்றில் ஒன்று. இதன் உண்மையான பயன் தண்டனையில் இல்லை. "அட, கை வாய்க்கு வந்துவிட்டது" என்று நினைவூட்டுவதில் இருக்கிறது. தெரியாமலே கடிப்பவருக்கு அது உதவும். தெரிந்தே, பதற்றம் தாங்காமல் கடிப்பவர் கசப்பையும் சேர்த்து விழுங்கிவிட்டுத் தொடர்வார்.

நம் ஊரில் இதற்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறோம். வலக்கையில் பூசினால் ரசஞ்சோறு முழுக்கக் கசக்கும். இரண்டாம் நாளே பாட்டில் அலமாரிக்குப் போய்விடும். எனவே இடக்கையில் மட்டும் பூசுங்கள், அல்லது இரவுச் சாப்பாடு முடித்துக் கைகழுவிப் படிக்க உட்காரும் முன் இரு கையிலும் பூசுங்கள். கிழிந்த தோல் மீது பட்டால் சுரீரென்று எரியும். புண் ஆறும்வரை பொறுங்கள்.

வேப்பெண்ணெயும் அதே நினைவூட்டும் வேலையைத்தான் செய்கிறது. பெரியவர்கள் விரல் நுனியில் ஒரு சொட்டு தடவிக்கொள்வது வேறு, சின்னக் குழந்தைகளின் கையில் தடவுவது வேறு. வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போய்க் கைக்குழந்தைகள் ஆபத்தான நிலைக்குப் போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. தம்பி தங்கைக்கு இந்த வைத்தியம் வேண்டாம்.

நானாகவே தொடங்க வேண்டும். முதலில் என்ன செய்வது?

முதல் ஒரு வாரம் நிறுத்த முயலாதீர்கள். குறித்துக்கொள்ளுங்கள், போதும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு கட்டம்: நேரம், இடம், எந்த விரல், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன். ஒரு வரிக்கு மேல் வேண்டாம். "இரவு 9.40, மேசை, இடது ஆள்காட்டி, வேதியியல் ரிவிஷன்" என்ற அளவில் எழுதினால் போதும்.

ஏழு நாள் கழித்துப் பார்த்தால், நாள் முழுக்கக் கடிக்கிறோம் என்று நினைத்தவருக்கே பெரும்பகுதி இரண்டு மூன்று இடங்களில்தான் நடக்கிறது என்று தெரியும். பஸ் ஜன்னல் ஓரம், வகுப்பில் பெயர் கூப்பிடும் நேரம், தூங்கும் முன் கைப்பேசி. அந்த இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் திட்டம் போட்டால் போதும். குறிக்க மறந்துபோனால் அன்று இரவு நினைவிலிருந்து எழுதாதீர்கள். நினைவு எப்போதும் மோசமான தருணத்தை மட்டும்தான் எடுத்துத் தரும்.

கை வாய்க்குப் போகும்போது அதை எப்படித் தடுப்பது?

தடுப்பதை விட வேறு வேலை கொடுப்பது எளிது. அமெரிக்க உளவியலாளர்கள் நேதன் அஸ்ரினும் கிரெகரி நன்னும் 1973இல் வெளியிட்ட 'பழக்க மாற்றுப் பயிற்சி'தான் இன்றும் முதல் தேர்வு. அதன் நடுநாயகம் மாற்றுச் செயல்.

செய்முறை இது. கட்டைவிரல் சிலும்பைத் தேட ஆரம்பித்ததை உணர்ந்த நொடியில், கட்டைவிரலை உள்ளே வைத்து மெதுவாக முஷ்டியை மூடுங்கள். முழங்கையை இடுப்போடு ஒட்டி, கையைத் தொடைமேல் இறக்குங்கள். மிதமான இறுக்கம் போதும், நரம்பு புடைக்க வேண்டாம். அப்படியே ஒன்று முதல் மூன்று நிமிடம். மூச்சை வழக்கத்தை விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். நேரம் முடிந்தும் ஆசை இருந்தால் இன்னொரு முறை. ஏற்கெனவே கடிக்கத் தொடங்கிவிட்டாலும் பாதியில் நிறுத்தி இதையே செய்யுங்கள். "கடித்தாகிவிட்டது, இனி என்ன" என்று அந்த விரலை முடித்துவிட்டு வருவதுதான் பலரும் செய்யும் தவறு.

மாற்றுச் செயலுக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: அதைச் செய்யும்போது கடிக்க முடியாததாக இருக்கவேண்டும், பக்கத்தில் இருப்பவருக்கு விநோதமாகத் தெரியக்கூடாது, கையில் பொருள் எதுவும் இல்லாமலே செய்ய முடியவேண்டும். கடைகளில் விற்கும் நசுக்கும் பந்து மூன்றாவதில் தோற்றுவிடும். தேவைப்படும் நேரத்தில் அது எப்போதும் வேறு பையில் இருக்கும். பரீட்சை ஹாலில் வலக்கை எழுதும், இடக்கைதான் வாய்க்கு ஏறும். அங்கே இடக்கையால் பரீட்சை அட்டையின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வதே மாற்றுச் செயல். இதை வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதே பழக வேண்டும். பரீட்சை நாளில் புதிதாக எதுவும் வேலை செய்யாது.

எங்கே கெட்டுப்போகிறது? பெரும்பாலும் நேரத்தில். ஐந்து விநாடி முஷ்டி மூடிவிட்டு "இது எனக்குச் சரிவரவில்லை" என்று விடுபவர்கள் அதிகம். கடிக்கும் ஆசை அலைபோல ஏறி இறங்கும். இறங்கும்வரை பிடிக்காவிட்டால் பயிற்சி நடக்கவே இல்லை என்றுதான் பொருள். இன்னொன்று, ஆசை இல்லாத நேரத்தில் ஒத்திகை பார்க்காதது. தினமும் காலையில் ஐந்து முறை, கண்ணாடி முன்னால், கையை வாய்வரை கொண்டுபோய்ப் பாதியில் திருப்பி முஷ்டி மூடுங்கள். அசட்டுத்தனமாக இருக்கும். இருக்கட்டும்.

முஷ்டி பிடிக்காதவர்களுக்கு மென்மையான வழி ஒன்றும் உண்டு: விரல் நுனிகளை ஒன்றோடொன்று, அல்லது உள்ளங்கையை, முன்கையை லேசாக வருடுவது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஸ்டெஃபன் மோரிட்ஸ் குழுவினர் நகம் கடிப்பவர், முடி பிடுங்குபவர், தோல் கிள்ளுபவர் உள்ளிட்ட 268 பேரிடம் ஆறு வாரம் இதைச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி செய்தவர்களில் 53 சதவீதம் பேர் முன்னேறினார்கள், பயிற்சி தராமல் காத்திருக்க வைத்தவர்களில் சுமார் 20 சதவீதம். நகம் கடிப்பவர்களுக்குத்தான் பலன் கூடுதலாக இருந்தது. பாதிப் பேருக்குப் பலனில்லை என்பதும் அதே எண்ணில் இருக்கிறது. ஆகவே உங்களுக்குப் பலிக்காவிட்டால் குறை உங்களிடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நகத்தை எப்படிப் பராமரிப்பது?

சிலும்பு இல்லாவிட்டால் கட்டைவிரலுக்குத் தேட ஒன்றும் இல்லை. சின்ன நகவெட்டி ஒன்றையும் நகம் தேய்க்கும் அட்டை அரம் ஒன்றையும் பென்சில் டப்பாவிலேயே வையுங்கள். நகவெட்டியின் பின்புறம் இருக்கும் இரும்பு அரம் முரடானது, புதுச் சிலும்பை உண்டாக்கும். அட்டை அரத்தால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும், முன்னும் பின்னும் ரம்பம் போல இழுக்கக்கூடாது. இரவில் நகக்கண்ணைச் சுற்றி ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் உரியும் தோல் படிந்துவிடும். உரிந்து நிற்கும் தோலை இழுக்காமல் நகவெட்டியால் அடியோடு வெட்டுங்கள்.

கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகமும் புதிதாக வர நான்கிலிருந்து ஆறு மாதம். நுனியைக் கடிப்பதால் நகம் நிரந்தரமாகக் கெடாது. நகத்தின் அடிப்பகுதியில், தோலுக்குள் இருக்கும் வேரிடம் சேதமானால்தான் மேடுபள்ளமாக வளரும். எனவே பத்து விரலையும் ஒரே நாளில் காப்பாற்ற முடியாவிட்டால், அடித்தோலைக் கடிப்பதை முதலில் விடுங்கள்.

விரல் ஓரம் வீங்கி வலிக்கிறது. என்ன செய்ய?

நகச்சுற்று. கடித்த இடம் வழியாகக் கிருமி உள்ளே போயிருக்கிறது. தொடக்கத்திலேயே, தாங்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை விரலை ஊறவைத்துத் துடைத்து உலரவிட்டால் பலருக்கு இரண்டு நாளில் அடங்கும். எலுமிச்சம்பழத்தைச் சொருகிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. திறந்த புண்ணில் எரிச்சல்தான் மிஞ்சும். ஊசியால் குத்திச் சீழ் எடுப்பது அதைவிடத் தவறு. சீழ் கட்டிவிட்டாலோ, இரண்டு நாளில் குறையாவிட்டாலோ, சிவப்புக் கோடு கைமேல் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் முதல் நாளே போகவேண்டும். கொத்தாகச் சிறு நீர்க்கொப்புளங்கள் வந்தால் அது வைரஸ் தொற்றாக இருக்கலாம், கீறித் திறக்காமல் காட்ட வேண்டும். விரலில் மரு இருந்தால் கடிக்கும்போது உதட்டுக்கும் பரவும்.

எப்போது வெளியில் உதவி கேட்க வேண்டும்?

மேலே சொன்னதை ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையாவிட்டால் கேளுங்கள். தூக்கம் கெட்டால், பரீட்சைக்கு முன் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், பள்ளிக்கூடம் போகவே பயமாக இருந்தால் ஆறு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம்.

பதற்றத்தின் அளவைப் பார்க்க மருத்துவர்கள் ஜிஏடி-7 என்ற ஏழு கேள்விகளைப் பயன்படுத்துகிறார்கள். கடந்த இரண்டு வாரத்தில் படபடப்பு, நிறுத்தமுடியாத கவலை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் போன்றவை எத்தனை நாள் இருந்தன என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 21. பத்தும் அதற்கு மேலும் வந்தால் ஒருவரிடம் பேசவேண்டிய நிலை. இது நோயைத் தீர்மானிக்கும் சோதனை அல்ல. மருத்துவர் முன் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவருக்கு இந்தத் தாள் நல்ல தொடக்கம்.

செத்துப்போகலாம் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் இன்றே, இப்போதே பேசுங்கள். எண் 14416, விவரம் கீழே இருக்கிறது.

தமிழ்நாட்டில் எங்கே போவது? செலவாகுமா?

வீட்டை விட்டு நகராமலே பேச வேண்டுமானால் 14416. இது 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். 18 வயதுக்குக் கீழே இருந்து, வீட்டிலேயே அடியோ தொந்தரவோ இருந்தால் 1098, சிறார் உதவி எண்.

நேரில் போவதானால் மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஓபி சீட்டு போடும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று மட்டும் சொன்னால் போதும், காரணம் சொல்லவேண்டியதில்லை. காலையிலேயே போய்விடுங்கள். சென்னையில் 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் வீட்டில் முகம் மாறினால், பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கே போங்கள். நகக் கடிக்கு அங்கே கிடைக்கும் உதவியே தாராளம்.

தனியாரிடம் போனால் ஒன்றைப் பாருங்கள். 'கவுன்சிலர்' என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்கவேண்டும். கேட்டால் கோபப்படுபவரிடம் போகவேண்டாம். "பழக்க மாற்றுப் பயிற்சி தருவீர்களா?" என்பதையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். அறிவுரை மட்டும் சொல்லி அனுப்புபவருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. அது வீட்டிலேயே இலவசம்.

இலங்கையில்?

1926. தேசிய மனநல நிறுவகத்தின் இலவச எண். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை உட்படப் பெரிய அரச வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு உண்டு.

முதல் சந்திப்பில் என்ன நடக்கும்?

எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் கூடுகிறது, தூக்கம், சாப்பாடு, படிப்பு, வீட்டு நிலவரம் என்று கேட்பார்கள். கையைக் காட்டச் சொல்வார்கள். முடி பிடுங்குவது, தோல் கிள்ளுவது உண்டா என்றும், கவனம் சிதறுவது பற்றியும் கேட்கலாம். கவனக்குறைவுச் சிக்கல் உள்ள பிள்ளைகளிடம் நகம் கடிப்பது அதிகம் காணப்படுகிறது. நீங்கள் குறித்த அந்த ஏழு நாள் பக்கத்தை எடுத்துப்போங்கள், அரைமணி நேரப் பேச்சு மிச்சமாகும். பதற்றமும் இருந்தால், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு வழி எண்ண-நடத்தைச் சிகிச்சை வாரம் ஒருமுறையாகப் பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள் வரை போகும். இரண்டு அமர்வில் விட்டுவிட்டு "பேசிப் பேசி என்ன ஆகும்" என்பவர்கள் ஏராளம். சிகிச்சையின் முக்கால்வாசி வேலை அமர்வுகளுக்கு நடுவே வீட்டில்தான் நடக்கிறது.

அம்மா அப்பாவிடம் எப்படிச் சொல்வது? "இதுக்கெல்லாமா டாக்டர்" என்பார்கள்.

சண்டை நடக்கும்போதோ, "கையை எடு வாயிலேர்ந்து" என்று அவர்கள் கத்திய அந்த நொடியிலோ சொல்லாதீர்கள். யாராவது ஒருவர் தனியாக இருக்கும் நேரம் பாருங்கள். அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் அம்மாவிடம், கண்ணைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். 'பதற்றம்', 'மனநலம்' என்ற சொற்களில் தொடங்கினால் பேச்சு அங்கேயே முறியும். கண்ணுக்குத் தெரியும் காயத்திலிருந்து தொடங்குங்கள்.

"அம்மா, இந்த விரலைப் பாரு. நானா நிறுத்தப் பாத்தேன், ஒரு மாசமா முடியல. நைட்டு தூக்கமும் வரமாட்டேங்குது. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டலாமா? ஒரு தடவ போதும்."

முதலில் குழந்தைநல மருத்துவரிடமோ தோல் மருத்துவரிடமோ போகலாம் என்று அவர்கள் சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து எழுதிக் கொடுத்தால் மனநலப் பிரிவுக்குப் போவது அவர்களுக்கு எளிதாகும். அம்மா அப்பாவிடம் வாயே வராது என்றால் அத்தை, சித்தப்பா, அக்கா, நம்பிக்கையான டீச்சர் யாராவது ஒருவர் முதல் வாக்கியத்தைச் சொல்லட்டும்.

நான் பேசியதை மருத்துவர் வீட்டில் சொல்லிவிடுவாரா?

இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாகச் சொல்கிறது. 18 வயது முடிந்தவர் தனியாகவே போகலாம். அதற்குக் கீழே என்றால் சிகிச்சைக்குப் பெற்றோரோ காப்பாளரோ ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் கொஞ்ச நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், நல்ல மருத்துவர் தானாகவே பெற்றோரை வெளியே உட்காரச் சொல்வார். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் சொல்லித்தான் ஆகவேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் பாலியல் தொந்தரவு நடந்திருந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமையும் உண்டு. எதைச் சொல்வார், எதைச் சொல்லமாட்டார் என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

மாத்திரை தருவார்களா?

நகம் கடிப்பதற்கென்றே நிறுவப்பட்ட மாத்திரை கிடையாது. என்-அசிட்டைல் சிஸ்டீன் என்ற மருந்தைப் பற்றி இணையத்தில் நிறையப் படிக்கலாம். ஈரானில் சிறுவர்களிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில் முதல் மாதம் நகம் கூடுதலாக வளர்ந்தது, இரண்டாம் மாத முடிவில் மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு வேறுபாடு இல்லை. பதற்றம் கடுமையாக இருந்தால் அதற்குச் செர்ட்ராலின், ஃப்ளுவாக்சட்டின் போன்றவற்றை மனநல மருத்துவர் எழுதலாம். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டில் ஒருவர் கவனிக்க வேண்டும். திடீரென்று நிறுத்தவும் கூடாது. மாமா தூக்கத்துக்குப் போடும் அல்பிரசோலத்தைப் பரீட்சைக்கு முன்னால் வாங்கிப் போடாதீர்கள். அது பழக்கத்துக்கு அடிமையாக்கும் வகை.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

கத்துவதை நிறுத்தலாம். "கையை எடு" என்ற அதட்டலே அடுத்த பதற்றம், அடுத்த கடி. பிள்ளையே தேர்ந்தெடுத்த ஒரு சைகை போதும், மேசையில் இரண்டு தட்டு தட்டுவது போல. வாரத்துக்கு ஒருநாள் எந்த விரலில் நகம் வெள்ளை தெரிய வளர்ந்திருக்கிறது என்று சேர்ந்து பாருங்கள். விருந்தாளி முன்னால் கையைப் பிடித்துக் காட்டாதீர்கள்.

மூன்று மாதம் நின்றிருந்தது. பொதுத்தேர்வு வந்ததும் பத்து விரலும் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்தா?

இல்லை. கை கற்றது போகாது, இரண்டாம் முறை பொதுவாகச் சீக்கிரம் பிடிபடும். பழைய நோட்டை எடுத்து மூன்றே நாள் குறியுங்கள். இந்த முறை இடம் மாறியிருக்கும், பஸ்ஸுக்குப் பதில் படிப்பு மேசையாக இருக்கும். இரண்டு கட்டைவிரலை மட்டும் முதலில் காப்பாற்றுங்கள், மற்ற எட்டையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். அடுத்த தேர்வு எப்போது என்று தெரியும் அல்லவா? அதற்கு மூன்று வாரம் முன்பே காலை ஒத்திகையைத் தொடங்கி, அரத்தைப் பென்சில் டப்பாவில் போட்டுவிடுங்கள். ஹால் டிக்கெட்டோடு அதுவும் இருக்கட்டும்.